மாதிரித் தண்ணீர்

ஊருணிப்பட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோவது குற்றம் என்று தெரியவரும்வரை பெத்துராஜ் அதை நிம்மதியாகச் செய்துவந்தான்.

மழை பொய்த்து அது மூன்றாவது வருஷம். இளையரசனேந்தலுக்கு இந்தப் பக்கம், கரிசல் காட்டின் நடுவே இருந்தது அவன் ஊர். ஊருக்குப் பெயர் கொடுத்த ஊருணி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கிணற்றில் வாளியை விட்டால் கல்லில் இடித்த சத்தம் மட்டும் மேலே வந்தது. பெத்துராஜிடம் ஒரு வண்டி இருந்தது. இரண்டு மாடுகளும், பருத்தி ஏற்றிப் பிழைத்த காலத்தில் வாங்கிப் போட்ட மரப்பீப்பாய்களும் இருந்தன. சங்கரன்கோவில் எல்லையில், பருத்தி வியாபாரியின் விதவையான ஞானபூரணத்தம்மாளின் தோட்டத்தில் வற்றாத கிணறு ஒன்று இருந்தது. இவற்றை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு ஊர் செத்துப்போகாமல் கிடக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை. அதனாலேயே காரியம் ஒழுங்காக நடந்துவந்தது.

"இறைச்சுக்கிட்டுப் போலே," என்பாள் ஞானபூரணத்தம்மாள். "கர்த்தர் ஊற வச்ச தண்ணி. நான் என்ன மூடி போட்டா வைக்கப் போறேன்?"

ஒரு நாள் காலையில், ரயில்வே கேட்டுக்கு அருகே, மார்பில் டவாலிப் பட்டை போட்ட அரசாங்கச் சேவகன் ஒருவன் வண்டியை மறித்தான்.

"என்னவே வண்டியில?"

"தண்ணி."

"என்ன தண்ணி?"

"குடிக்கிற தண்ணிதான்."

"அது தெரியுதுவே. யாரு அனுமதிச்ச தண்ணின்னு கேக்கேன்."

பெத்துராஜ் பீப்பாய்களைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை நாளாகக் கூடவே வந்தவை. அவற்றிடம் இப்படி ஒரு குறை இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

நடந்தது இதுதான். அரசாங்கம் மக்களின் தாகத்தைக் கவனிக்க முடிவு செய்துவிட்டது. குடிதண்ணீர் நிவாரண சப்கமிட்டி என்று ஒன்றை நியமித்தது. கமிட்டி தன் முதல் வேலையாக, அதுவரை தாகத்தைக் கவனித்துவந்தவர்களை நிறுத்தியது. இனிமேல் அங்கீகாரம் பெற்ற கண்டிராக்டர் மட்டுமே தண்ணீர் வழங்கலாம். கண்டிராக்டர் ஆக விரும்புகிறவர்கள் சங்கரன்கோவிலில் அதிகாரிகள் தங்கும் முசாபரி பங்களாவில் கமிட்டியாரை நேரில் கண்டு பேட்டி கொடுக்க வேண்டும். நிவாரணம் பெறும் கிராமங்களின் ஜாபிதாவில் ஊருணிப்பட்டியும் இருந்தது. தாகத்தோடு ஓர் ஆளாவது இருக்கும்வரையில்தான் ஓர் ஊரின் பெயர் ஜாபிதாவில் இருக்கும். ஆள் இல்லையென்றால் பெயர் அடிக்கப்படும்.

சேவகன் சொல்லச் சொல்ல, பீப்பாய்த் தண்ணீர் முழுவதையும் பெத்துராஜ் ரோட்டோரத்தில் திறந்துவிட வேண்டியிருந்தது. அங்கே நின்ற வேலிக்கருவை அந்த வருஷம் நன்றாகத் துளிர்த்தது.

பேட்டிக்குத் தயார் செய்வதற்கென்றே சங்கரன்கோவிலில் ஒருவர் இருந்தார். தாலுகா ஆபீசில் நகல் எழுதி ரிட்டயரான குருநாதன். ரயிலடிக்கு எதிரே ஒரு காப்பிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, மனுச் செய்யத் தெரியாதவர்களுக்கு மனுவும், கும்பிடத் தெரியாதவர்களுக்குக் கும்பிடும் சொல்லிக்கொடுத்துவந்தார்.

"முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கிடும்," என்றார் குருநாதன். "தண்ணி கொண்டு போறவன் வண்டிக்காரன். தண்ணி கொண்டு போகாம இருக்கானே, அவன்தான் கண்டிராக்டரு. நான் வண்டி ஓட்டுதேன், மாடு பத்துதேன்னு வாயைத் திறந்தீருன்னா கூலியாளுன்னு எழுதிப்போடுவாவ."

"அப்ப நான் என்ன செய்யுதேன்னு சொல்லணும் அண்ணாச்சி?"

"ஒண்ணும் செய்யலைன்னு தெரியணும். ஆனா சொல்லக் கூடாது. அவுக எதைக் கேட்டாலும், 'ஆவன செய்யப்படும்'னு சொல்லும். முப்பது வருசம் ஆபீசுல இருந்து நான் கண்டுக்கிட்டது இது ஒண்ணுதான்."

"முன்னாடி வண்டியில தண்ணி அடிச்ச அனுபவம் இருக்கான்னு கேட்டா?"

"இல்லைன்னு சொல்லும். அனுமதி இல்லாம அடிச்சதுல்லா? அதுக்குப் பேரு அனுபவம் இல்லைவே, குத்தம்."

ரிட்டயரான ரயில்வே கார்டு ஒருவரின் கறுப்புக் கோட்டைக் குருநாதன் வாடகைக்கு வாங்கித் தந்தார். பெத்துராஜ் அதைப் போட்டுக்கொண்டு ஞானபூரணத்தம்மாளின் கிணற்றடியில் பயிற்சி எடுத்தான். கமலைக் கல்லின் நுனியில், நாற்காலியில் உட்காருவதுபோல முக்கால்வாசி நின்றபடி உட்கார வேண்டும். எதிரே கமிட்டியாருக்குப் பதிலாக மாடுகள் இரண்டையும் குருநாதன் நிறுத்தியிருந்தார். அவை அசைபோட்டபடி அவன் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டன. அதைவிடப் பொறுமையான கமிட்டி பிறகு அவனுக்கு வாய்க்கவில்லை.

"இந்த வேசம் எத்தனை நாளைக்குலே?" என்று கேட்டாள் ஞானபூரணத்தம்மாள்.

குருநாதன் முந்திக்கொண்டார். "கோமதியம்மையே ஒத்தைக் கால்ல தவசு நின்னுதாம்மா சாமியைப் பாத்தா. இவரு ரெண்டு காலு வச்சிருக்காரு, நிக்கக் கூடாதாக்கும்?"

பேட்டி நாளில் பெத்துராஜ் தன் புத்திக்குப் பட்ட ஒரு காரியத்தைச் செய்தான். குருநாதனிடம் அவன் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு அது அவனுக்கு இயல்பாக இருந்தது. சங்கரன்கோவில் பருத்திப் பேட்டையில் மாதிரி பார்க்காமல் யாரும் சரக்கு வாங்குவதில்லை. பொதியில் கையை விட்டு ஒரு பிடி பருத்தி எடுத்து வியாபாரியின் உள்ளங்கையில் வைப்பார்கள். அவன் இழையைப் பிரித்துப் பார்ப்பான். பிறகுதான் பேச்சு. அந்த வழக்கப்படி, ஞானபூரணத்தம்மாள் கிணற்றிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து, வாயை ஈரத் துணியால் கட்டி, பங்களாவுக்குக் கொண்டுபோனான்.

கமிட்டியின் தலைவர் சங்கரசுப்பிரமணியன். வெள்ளைக்காரன் கொடுத்த ராவ் சாகிப் பட்டம் அவனோடு போய்விட்டதால், அந்த இடத்தில் ஏற்பட்ட வெறுமையை அவர் கமிட்டிகளால் நிரப்பிவந்தார். அவருக்கு இரு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். ஓரத்தில் காரியதரிசி.

"மற்ற அபேட்சகர்கள் எங்கே?" என்றார் தலைவர்.

"இவர் ஒருவர்தான் வந்திருக்கிறார்," என்றார் காரியதரிசி.

"ஒருவர் மட்டும் வந்தால் அது பேச்சு. பேட்டி ஆகாது. ஒப்பிட ஆள் வேண்டாமா?"

வாசலில் நின்ற சேவகனைக் கூப்பிட்டு இன்னொரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ரயில்வே கேட்டில் வண்டியை மறித்த அதே சேவகன்தான். அவன் டவாலியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெத்துராஜைப் போட்டியாளன் முறையில் முறைத்தான்.

"தாகம் என்றால் என்ன?" என்று கேட்டார் தலைவர்.

பெத்துராஜுக்கு அது தெரியும். ஊரில் பிள்ளைகள் ஈரப் பீப்பாயை நாக்கால் தொட்டுப் பார்ப்பார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தான். சன்னலுக்கு வெளியே குருநாதன் இருமினார்.

"ஆவன செய்யப்படும், ஐயா," என்றான்.

தலைவரின் முகம் மலர்ந்தது. "பார்த்தீர்களா? சாதாரண ஜனங்களிடம் கேட்டால் தாகம் என்பதைத் தண்ணீரோடு சம்பந்தப்படுத்திப் பேசுவார்கள். இவரிடம் அந்தக் குறுகிய பார்வை இல்லை. அனுபவம் உண்டா?"

"இல்லை, ஐயா."

"நல்லது. அனுபவஸ்தர்கள் பெரிய தொந்தரவு. ஏற்கெனவே செய்தது மாதிரியே செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். நாங்கள் யாருக்கும் ஒரு துளி தண்ணீர் கொண்டுபோனவர்கள் இல்லை. அதனால்தான் எங்களால் இதைப் பாரபட்சம் இல்லாமல் நிர்வகிக்க முடிகிறது."

மார்க்கில் சேவகன் முந்தினான். அவன் எந்தக் கேள்விக்கும் வாயே திறக்கவில்லை. ஆனால் அவன் போய்விட்டால் வாசலில் நிற்க ஆள் இல்லை என்று காரியதரிசி ஞாபகப்படுத்தினார். தலைவர் பெருமூச்சோடு பெத்துராஜின் பக்கம் திரும்பினார். அப்போதுதான் செம்பு அவர் கண்ணில் பட்டது.

"அது என்ன?"

"மாதிரி, ஐயா. நான் அடிக்கப் போற தண்ணி."

தலைவர் ஒரு வாய் குடித்தார். சித்திரை வெயில். பங்களாக் குழாயில் துரு வரும். அவர் கண்ணை மூடினார். செம்பு ஒரு சுற்றுப் போய் வெறுமையாகத் திரும்பி வந்தது.

"பேட்டி முடியவில்லை," என்று தலைவர் அறிவித்தார். "இவ்வளவு முக்கியமான விஷயத்தை ஒரு செம்பை வைத்து முடிவு செய்வது மக்களுக்குச் செய்யும் துரோகம். நாளை ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனித்தனி மாதிரி வேண்டும்."

மறுநாள் பெத்துராஜ் குடங்கள் கொண்டுபோனான். அதற்கடுத்த நாள், கொதிக்க வைத்தால் தண்ணீர் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார்கள். சமையல்காரன் வந்தான். பருப்பு வேகிறதா என்று சோதித்தார்கள். வெந்தது. சோறும் ரசமும் அவ்வாறே. பிறகு ஓர் உறுப்பினர், தண்ணீர் உடம்புக்கு உள்ளே போவதை மட்டும் சோதித்து வெளியே படுவதை விட்டுவிட்டோமே என்று வருத்தப்பட்டார். அன்றிலிருந்து கமிட்டியார் காலையும் மாலையும் குளித்துச் சோதித்தார்கள். பீப்பாய்களோடு வண்டியே போக வேண்டியதாயிற்று. கமிட்டியார் குடும்பங்களை வரவழைத்தார்கள். பெண்டு பிள்ளைகளின் அபிப்பிராயமும் அவசியம் அல்லவா? கடைசியில் தலைவரின் பிளசர் காரைக் கழுவினார்கள். தலைவர், பங்களாவின் ரோஜாச் செடிகளுக்கும் ஊற்றச் சொல்லி, அவற்றைத் தொட்டு, "இந்த வாயில்லா ஜீவன்களும் சாட்சி சொல்லட்டும்," என்றார்.

தோட்டத்துக்கும் பங்களாவுக்குமாக இழுத்து இழுத்து இடத்துமாட்டின் கழுத்து புண்ணாகிவிட்டது. ஈ மொய்த்தது.

"ஏலே, அவங்க சோதிக்கது தண்ணியையா, உன்னையா?" என்றாள் ஞானபூரணத்தம்மாள்.

"ரெண்டையும்தாம்மா."

"அப்ப ரெண்டும் வத்திரும்."

அந்த வாரம் மாடத்தி வந்தாள். பெத்துராஜின் பெண்டாட்டி. இடுப்பில் மகள் கோமதி. இளையரசனேந்தலிலிருந்து வந்த ஒரு விறகு வண்டியில் ஏறி வந்திருந்தாள். கிணற்றடியில் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்ற ஆளைச் சற்று நேரம் பார்த்தாள்.

"சாமி, இங்கன பெத்துராஜுன்னு ஒரு வண்டிக்காரரு வருவாரு, பாத்தீயளா? ஊருக்குத் தண்ணி கொண்டாந்துகிட்டு இருந்தாரு. செத்தாரா இருக்காரான்னு தெரியலை."

"ஏட்டி, நக்கலு பண்ணாத. நாளைக்கு முடிஞ்சிரும்."

"எது? பேட்டியா, ஊரா?"

குழந்தை கோட்டுப் பொத்தானை வாயில் வைத்துச் சப்பிப் பார்த்தது. மாடத்தி அதன் கையை விலக்கினாள்.

"வெள்ளிக்கிழமை எல்லாரும் பொறப்படுதோம். சிவகிரிப் பக்கம், மலையடிவாரத்துல தோட்ட வேலை இருக்காம். தண்ணியும் இருக்காம். உங்களைக் கூட்டிக்கிட்டுப் போவத்தான் வந்தேன்."

"ஊருல ஆளு இல்லைன்னா பேரை அடிச்சிருவாங்கட்டி. பேரு போனா இவ்வளவு பாடும் வீண்."

"அதுக்கு ஆளு இருக்கு. பெருமாள்சாமி மாமா வரமாட்டேன்னுட்டாரு." ஆடெல்லாம் செத்துத் தொழு காலியான கிழட்டுக் கீதாரி அவர். "'பெத்துராஜு வண்டி வந்தா வாங்க ஒரு ஆளு வேணும்லா? ஊருன்னா ஒருத்தனாவது இருக்கணும். நீங்க போங்க தாயி, மழை பெஞ்சா வாங்க, நான் பேரைப் பாத்துக்கிடுதேன்'னாரு. நடக்கவும் ஏலலை அவருக்கு."

பெத்துராஜ் கிணற்றைப் பார்த்தான். பிறகு பங்களா இருக்கும் திசையைப் பார்த்தான். "நாளைக்கு வாக்குக் குடுத்திருக்காங்க," என்றான். அப்படித்தான் அவர்கள் தினமும் கொடுத்துவந்தார்கள்.

மாடத்தி ஒரு குடம் தண்ணீர் இறைத்து வாயைக் கட்டினாள். "இது மாமாவுக்கு."

"ரயிலு கேட்டுல மறிப்பாங்க."

"மறிச்சா, நான் கண்டிராக்டரு பொண்டாட்டின்னு சொல்லிக்கிடுதேன். அந்தக் கோட்டுக்கு அவ்வளவாவது கிடைக்கட்டும்."

அவள் போன பிறகு பெத்துராஜ் அன்றைய குளியல் மாதிரியைக் கொண்டுபோனான்.

ரோஜாக்கள் பூத்ததும் கமிட்டிக்குத் திருப்தி ஏற்பட்டது. பெத்துராஜ் அங்கீகாரம் பெற்ற கண்டிராக்டர் ஆனான். குருநாதன் ஆனந்தக் கண்ணீர் விட்டார். ஆனால் முதல் விநியோகத்தைக் கமிட்டியாரே நேரில் தொடங்கிவைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. பீப்பாய்களுக்குப் பச்சை வர்ணம் அடித்து, வாயை அரக்கு வைத்து முத்திரையிட்டார்கள். மாட்டுக் கொம்புகளில் மாவிலை கட்டினார்கள். புண் தெரியாமல் இருக்க இடத்துமாட்டின் கழுத்துக்கு மாலை போட்டார்கள்.

"நான் முன்னால போயிருதேன், ஐயா," என்றான் பெத்துராஜ். "ஊருல ஒரு பெரியவரு காத்துக்கிட்டு இருக்காரு."

"தலைவருக்கு முன்னால் கண்டிராக்டர் போவதா?" என்றார் காரியதரிசி. "பின்னால்தான் வர வேண்டும்."

பிளசர் கார் மாட்டு வண்டிக்கு முன்னால், மாட்டு வண்டியைவிட மெதுவாகப் போயிற்று. வழியில் ஒவ்வொரு ஊரிலும் மாலை. ஒவ்வொரு மாலைக்கும் ஒரு பதிலுரை. "தாகம் நம் புராதனச் சொத்து, அதை முறைப்படுத்துவதே எங்கள் நோக்கம்," என்று தலைவர் ஓரிடத்தில் பேசினார். ஜனங்கள் பீப்பாய்களைப் பார்த்துக்கொண்டே கை தட்டினார்கள். முத்திரை இருந்ததால் யாருக்கும் கொடுக்க முடியவில்லை. இரவு ஒரு பண்ணையார் வீட்டில் விருந்து. மறுநாள் உச்சி வெயிலில்தான் ஊருணிப்பட்டி வந்தது.

வீட்டு வாசல்களில் எல்லாம் தண்ணீர்ப் பானைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வெளியூர் பிழைக்கப் போகிறவர்கள் அப்படித்தான் வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு நாய்கூட இல்லை.

ஊருணிக் கரை வேப்பமரத்தடியில் பெருமாள்சாமி இருந்தார். வேரில் சாய்ந்து, காலை நீட்டி, ரோட்டைப் பார்த்தபடி. தோளில் துண்டு மடிப்புக் கலையாமல் கிடந்தது. பக்கத்தில் மாடத்தியின் குடம்.

"ஆகா, ஒருவர் இருக்கிறாரே!" என்றார் தலைவர். "பெயரை அடிக்க வேண்டாம். போட்டோக்காரரே, வாரும்."

முத்திரையை உடைத்தார்கள். பேட்டியன்று கொண்டுபோன அதே செம்பில் பெத்துராஜ் தண்ணீர் பிடித்தான். கமிட்டியாருக்கு முன்னால் ஓடக் கூடாது என்பதையும் மறந்து ஓடினான். "மாமோய், வந்துட்டேன். தண்ணி, மாமா," என்றான். பெரியவரின் கையைத் தொட்டான். அந்த வெக்கையிலும் அது குளிர்ந்திருந்தது. குடத்தைச் சாய்த்துப் பார்த்தான். உள்ளே காய்ந்த ஒரு வேப்பிலை.

"ஏன் வாங்கமாட்டேன் என்கிறார்?" என்றார் தலைவர்.

பெத்துராஜ் குடத்தை நிமிர்த்தி வைத்தான்.

"தாகம் இல்லை போலிருக்கிறது," என்றார் ஓர் உறுப்பினர், சற்றுத் தள்ளி நின்று.

"பார்த்தீர்களா! நாம் வந்து சேருவதற்குள்ளேயே தாகம் தீர்ந்துவிட்டது," என்றார் தலைவர். "இதைவிடச் சிறந்த நிவாரணத்தை எதிர்பார்க்க முடியுமா? எழுதிக்கொள்ளும். செம்பை அவர் கைக்குக் கிட்டே கொண்டுபோ, அப்பா. கொஞ்சம் சிரித்தால் நல்லது."

போட்டோ எடுக்கப்பட்டது. பிறகு, கொண்டுவந்த தண்ணீர் முழுவதும் கிராமத்துக்கு விநியோகிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதால், இரண்டு பீப்பாய்களையும் ஊருணிக்குள் திறந்துவிட உத்தரவாயிற்று. தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்கியது. கொஞ்ச நேரம் பூமிக்குள்ளிருந்து யாரோ விழுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. தலைவர் கை தட்டினார்.

கார் கிளம்பவில்லை. முன்பக்கத்திலிருந்து ஆவி சீறிக்கொண்டு வந்தது. டிரைவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ரேடியேட்டருக்குத் தண்ணி வேணும்," என்றான். எல்லோரும் ஊருணியைப் பார்த்தார்கள். ஈரம்கூட மறைந்திருந்தது. பச்சைப் பீப்பாய்கள் வாயைத் திறந்து கிடந்தன.

வெயில் தகித்தது. தலைவர் சரிகைத் துண்டால் கழுத்தைத் துடைத்தார். அவருடைய கண் பெத்துராஜின் கையில் இருந்த செம்பில் போய் நின்றது.

"கண்டிராக்டர், அந்தச் செம்பை இங்கே கொண்டுவா. நா வறளுகிறது."

"ஆவன செய்யப்படும், ஐயா," என்றான் பெத்துராஜ்.

அவன் பெரியவரின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டான். இறுகியிருந்த உதடுகளைக் கட்டை விரலால் விலக்கி, செம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றினான். கடைவாய் வழியாக அது நரைத்த தாடியில் இறங்கியது. கடைசிச் சொட்டு விழும்வரை செம்பைக் கவிழ்த்துப் பிடித்திருந்தான். கறுப்புக் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தினான். பீப்பாய்களை வண்டியிலிருந்து உருட்டித் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் அவரைத் தூக்கிப் படுக்க வைத்தான். பீப்பாய் கனத்தில் பாதிகூட இல்லை.

"எங்கே போகிறாய்? அது நிவாரண வண்டி!" என்று காரியதரிசி கத்தினார்.

பெத்துராஜ் இடத்துமாட்டின் கழுத்திலிருந்த மாலையை எடுத்துப் பெரியவரின் மேல் போட்டான். சுடுகாடு ஊருக்கு மேற்கே இருந்தது. சிவகிரி ரோடும் அந்தப் பக்கம்தான். வண்டி நகர்ந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வேப்பமரத்து நிழலில் பெருமாள்சாமி சாய்ந்திருந்த இடத்தில் தலைவர் உட்கார்ந்தார். மற்றவர்கள் சுற்றிலும் உட்கார்ந்தார்கள். காரியதரிசி மட்டும், விதிமுறையில் பழகிய கை ஆனதால், ஜாபிதாவைப் பிரித்து ஊருணிப்பட்டிக்கு நேரே பென்சிலை வைத்தார்.

"பெயரை அடித்துவிடலாமா?" என்று கேட்டார் ஓர் உறுப்பினர், வறண்ட குரலில்.

காரியதரிசி தலைவரைப் பார்த்தார். உறுப்பினர்களையும், டிரைவரையும், போட்டோக்காரரையும் ஒருமுறை பார்த்தார். எச்சிலை விழுங்கப் பார்த்தார். முடியவில்லை.

"முடியாது," என்றார். "ஊரில் தாகத்தோடு ஆள் இருக்கிறது."